சைக்கிள் ஏற்றினால் பதினான்கு, இறக்கினால் பதினொன்று

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. எல்லாரும் அவரை நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கிள் பந்தயத்துக்குப் பெண்களைத் தயார் செய்யும் பயிற்சி மையம் ஒன்றில் அவர் பதினாறு வருஷமாக டிரைவர். மையத்துக்கு இருப்பது ஒரே ஒரு நீளமான பழைய கார். அதன் கூரையில் ஓர் இரும்புச் சட்டத்தைப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். நான்கு சைக்கிள்களை அதில் நிற்க வைத்துக் கட்டலாம். காலையில் கோச்சையும் நான்கு பெண்களையும் உள்ளே, சைக்கிள்களை மேலே ஏற்றிக்கொண்டு போக்குவரத்து இல்லாத ஒரு சாலைக்குப் போவார். அங்கே பெண்கள் சைக்கிளில் பறப்பார்கள், இவர் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போவார்.

நிதானம் என்ற பெயர் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் திருப்பத்தில் வேகமாக ஒடித்தார். மேலே கட்டியிருந்த சைக்கிள் ஒன்று சரிந்து விழுந்து, பின்னால் வந்த லாரியின் சக்கரத்துக்குள் போய்விட்டது. அடுத்த வாரம் பந்தயம். அந்தச் சைக்கிளுக்குரிய பெண் சாலையோரம் உட்கார்ந்து அழுத அழுகை இன்றைக்கும் அவர் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து கூரையில் சைக்கிள் இருந்தால் அவர் அறுபதைத் தாண்டியதில்லை. பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போகிறவர் மாதிரி ஓட்டுவார். பின்னால் வருகிறவன் ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்துபோவான்.

ஆனால் மனுஷனுக்கு இன்னொரு முகம் இருந்தது. புதன்கிழமையும் சனிக்கிழமையும் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிடங்குக்கு அவர் தனியாகப் போய் டயர், செயின், பிரேக் கட்டை எல்லாம் வாங்கி வர வேண்டும். அந்த நாட்களில் சைக்கிள் கிடையாது. சட்டத்தை மட்டும் கழற்றமாட்டார். எட்டு போல்ட்டைக் கழற்றவும் மாட்டவும் இரண்டு ஆள் வேண்டும், அதில் ஒன்று துருப்பிடித்து அசையவே அசையாது. வெறும் சட்டம்தானே, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். நெடுஞ்சாலை ஏறியதும் கால் தானாக அழுந்தும். நூறு, நூற்றுப் பத்து, நூற்றிருபது. வாரம் முழுக்கக் கட்டிப்போட்ட மாட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி ஓர் ஓட்டம். இது யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லாமல் ஒரு மனுஷன் வைத்துக்கொள்ளும் சின்னச் சந்தோஷம், அவ்வளவுதான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு படிவம் வந்து நுழைந்தது. மையத்துக்குப் புதிதாக வந்த செயலாளர் அம்மாவுக்கு வயது முப்பதுதான் இருக்கும். கெட்டவர் இல்லை, கணக்காக இருப்பவர். ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் டாங்கை நிரப்பி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் பிடித்தது, கூரையில் சைக்கிள் இருந்ததா இல்லையா என்று எழுத வேண்டும் என்றார். படிவத்தைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் கையில் ஒரு நாள் ஸ்டீயரிங்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நிதானம் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். மடியில் கனமில்லை, வழியில் என்ன பயம்?

ஒன்றரை மாதம் கழித்துச் செயலாளர் அவரைக் கூப்பிட்டு எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினாறு வருஷத்தில் அந்த அறையில் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. நுனியில்தான் உட்கார்ந்தார்.

"அண்ணே, நாலு சைக்கிளும் அஞ்சு ஆளும் ஏத்திட்டுப் போறப்ப லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் வருது. நீங்க தனியா, வெறும் காரா போறப்ப பதினொண்ணுதான் வருது. எனக்குப் புரியல. உங்களுக்குப் புரியுதா?"

நிதானம் படிவங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் அவர் கையெழுத்துதான். மூட்டையை ஏற்றினால் குஷியாக ஓடி, இறக்கினால் படுத்துக்கொள்ளும் கழுதையை யாராவது பார்த்திருக்கிறார்களா? பாரம் குறைந்தால் பெட்ரோலும் குறைய வேண்டும். அது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கிடங்குக்குப் போய் வருவது நூற்றெண்பது கிலோமீட்டர். எப்படிப் பார்த்தாலும் ஒவ்வொரு தடவையும் நான்கு லிட்டர் கூடுதலாகப் போயிருக்கிறது. அந்த நான்கு லிட்டர் எங்கே போனது? செயலாளர் கடைசியில் ஒன்று கேட்டார். கார் ராத்திரி எங்கே நிற்கிறது? விடிகாலையில் கிளம்ப வேண்டியிருப்பதால் அது அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். அப்படியா என்று மட்டும் சொன்னார் அந்த அம்மா. திருடன் என்று சொல்லவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் இதற்கு விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் காரை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

வேலை போனால் வேறு வேலை. ஆனால் பதினாறு வருஷம் ஓட்டிவிட்டு, பெட்ரோல் திருடி வெளியே போனவர் என்ற பேரோடு எங்கே போய் நிற்பது? நிதானத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டயரில் காற்று பார்த்தார். ஏர் ஃபில்டர் மாற்றினார். காருக்கு அடியில் அட்டையை விரித்து வைத்து ஒழுகுகிறதா என்று பார்த்தார், அட்டை காய்ந்தே கிடந்தது. பெட்ரோல் முள்ளை நம்பவும் வழியில்லை. அது ஒரு சோம்பேறி, நாற்பது கிலோமீட்டர் ஓடும்வரை நிறைந்தே இருக்கிற மாதிரி காட்டும்.

மெக்கானிக் எல்லாம் பார்த்துவிட்டு, என்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது, வேகமாக ஓட்டுவீர்களா என்று கேட்டார். கேட்டவர் தானே சிரித்துக்கொண்டார், நிதானமாவது வேகமாவது என்று. நிதானமும் சேர்ந்து சிரித்தார். வேகமாகப் போனால்தான் என்ன? மூன்று மணி நேரம் ஓட வேண்டிய என்ஜின் ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொள்கிறது. அடுப்பைச் சீக்கிரம் அணைத்தால் எரிவாயு மிச்சம்தானே? இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

காரில் குறை இல்லை என்றால் குறை மனுஷரிடம்தான் இருக்க வேண்டும். இப்படி ஒரு யோசனை தலைக்குள் நுழைந்துவிட்டால் பிறகு கண்ணில் படுவதெல்லாம் சாட்சிதான். மாடி அறையில் மனைவியின் தம்பி இருந்தான். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, நாள் முழுக்க பைக்கில் சுற்றுவான். பைக்கைத் தினமும் காரின் மூக்கை உரசுகிற மாதிரி குறுக்கே நிறுத்திவிட்டுப் போவான். காலையில் அதை நகர்த்தாமல் காரை எடுக்க முடியாது. அதற்காக இவர் திட்டாத நாளில்லை, அவன் சிரிக்காத நாளில்லை. போன செவ்வாய்க்கிழமை அவன் பெட்ரோல் தீர்ந்துபோய் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். புதன்கிழமை காலையில் அதே பைக் ஜம்மென்று கிளம்பிப் போனது. ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போடப் போனவர் கண்ணில் அவன் அறை வாசலில் தொங்கிய குழாய் பட்டது. விரல் கனத்தில், ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவரால் அடக்க முடியவில்லை.

"மாப்ளே, பெட்ரோல் வேணும்னா கேட்டு வாங்கிக்க. குழாய் போட்டு உறிஞ்சாதே. என் பொழப்புல மண்ணு விழுது."

அவனுக்கு முதலில் புரியவேயில்லை. வேடிக்கை செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான். குழாய் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வைத்திருப்பது என்றான். பைக்குக்குக் கூட வேலை செய்பவன் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து கொடுத்தான் என்றான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறதே என்று இவர் சொன்னார். அவன் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனான். மறுநாளிலிருந்து பைக் தெருமுனைக் கடை ஓரத்தில் நின்றது. அங்கே நிறுத்திவிட்டு நடந்து வந்து, இவர் கண்ணில் படாமல் மாடியேறிவிடுவான்.

நிதானம் டாங்குக்குப் பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கிப் போட்டார். அதற்கு இரண்டு சாவி. இரண்டையும் தன் சாவிக்கொத்திலேயே கோர்த்துக்கொண்டார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "அந்த ஓட்டைக்குப் பூட்டுப் போட்டீங்க, சரி. வாய்க்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த வாரம் அவள் அவரிடம் பேசியது மொத்தமே அவ்வளவுதான்.

புதன்கிழமை கிடங்குக்குப் போய் வந்து டாங்கை நிரப்பினார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. மறுபடியும் பதினொன்று.

பங்க்கிலேயே காரை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்படியென்றால் பையன் எடுக்கவில்லை. பிறகு யார்தான் எடுக்கிறார்கள்? மாடியேறிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விஷயம் என்னவென்று தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். உண்மையைச் சொன்னால், மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாதம் முடியப் போகிறது. செயலாளரிடம் போய், தனக்கு ஒன்றுமே விளங்கவில்லை, நீங்களே ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கேட்டார். அவரும் சரியென்று சனிக்கிழமை வந்தார். வெறும் சட்டம் மேலே, செயலாளர் பின் சீட்டில். அதிகாரி வண்டியில் இருக்கும்போது யாராவது பறப்பார்களா? நிதானம் நிதானமாகவே ஓட்டினார். அறுபதுக்கு மேல் முள் போகவில்லை. போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்து பங்க்கில் நிறுத்தி, செயலாளர் கண்ணெதிரே நிரப்பினார்கள். லிட்டருக்குப் பதினைந்து வந்தது.

நிதானத்துக்கு ஒரு நொடி சந்தோஷம். கார் சரியாகிவிட்டது என்றே நினைத்தார். பிறகு செயலாளர் முகத்தைப் பார்த்தார்.

"நான் கூட இருந்தா நாலு லிட்டர் எங்கேயும் போகல. நீங்க தனியா போனா போகுது. நான் என்ன நினைக்கணும், நீங்களே சொல்லுங்க அண்ணே."

என்ன சொல்வது? அவர் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் நினைப்பார். மச்சினன் விஷயத்தில் அதைத்தானே நினைத்தார். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவருக்கு ஒரு பைத்தியக்காரச் சந்தேகம். தனக்கே தெரியாமல் தானே எடுத்து விற்கிறோமோ? வீட்டுக்கு வந்ததும் கார் டிக்கியைத் திறந்து ஏதாவது கேன் இருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டார், பாவம்.

திங்கட்கிழமை வழக்கம்போலப் பயிற்சி. பெண்கள் நால்வரும் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டு போனார்கள். இவர் பின்னால் ஊர்ந்தார். பக்கத்து சீட்டில் கோச், கையில் ஒலிபெருக்கி. பதினாறு வருஷமாகத் தினமும் கேட்கும் கத்தல்தான். தலையைக் குனி, முழங்கையை ஒடுக்கு, காற்றை நெஞ்சில் வாங்காதே. முன்னால் போகிறவள் காற்றை உடைத்துக்கொண்டு போவாள், பின்னால் வருகிறவர்கள் அவள் முதுகில் ஒளிந்துகொண்டு சுகமாக வருவார்கள். நாலு நிமிஷத்தில் முன்னால் இருப்பவளுக்கு நாக்கு தள்ளிவிடும், அடுத்தவள் முன்னே வருவாள். அன்றைக்கு முன்னால் இருந்த பெண் ஆசைப்பட்டு வேகத்தைக் கூட்டினாள்.

"ஏம்மா, வேகம் ரெண்டு மடங்குன்னா காத்து நாலு மடங்கு அடிக்கும். எத்தனை தடவை சொல்றது? அப்புறம் கால்ல சக்தி எங்கேருந்து வரும்?" என்று கோச் ஒலிபெருக்கியில் கத்தினார்.

நாலு மடங்கு. நிதானத்தின் கை ஸ்டீயரிங்கில் அப்படியே நின்றது. காற்று என்பது சைக்கிள்காரர்கள் தலைவலி, நமக்கென்ன, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றல்லவா இத்தனை வருஷமும் இருந்துவிட்டார். காருக்கும் இந்தக் காற்று உண்டா என்று மெல்லக் கேட்டார். கோச் அவரை ஒரு மாதிரி பார்த்தார். காருக்கு மட்டும் காற்று வேறு ரோட்டிலா போகிறது, மேலே அந்தச் சட்டம் வேறு பத்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறதே என்றார்.

புதன்கிழமை நெடுஞ்சாலையில் தனியாகப் போகும்போது கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினார். அறுபதில் கை லேசாக ஆடியது. நூற்றிருபதில் யாரோ பிடித்து முறுக்குகிற மாதிரி கை தோள்வரை பின்னால் போனது. தலைக்கு மேலே சட்டம் ஊளையிட்டது. அந்த ஊளை எப்போதும் இருந்ததுதான், இவர்தான் அதை வேகத்தின் பாட்டு என்று ரசித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அளவு கைக்கே இந்த அடி என்றால் இத்தனை பெரிய காருக்கும் சட்டத்துக்கும் என்ன அடி? அதைத் தள்ளத்தான் நான்கு லிட்டரும் போயிருக்கிறது. எல்லாம் சரிதான், ஆனால் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? பெட்ரோலைக் காற்று குடித்துவிட்டது என்று எந்தத் திருடனும் சொல்லலாமே.

அன்று சாயங்காலம் செயலாளர் எதிரில் நின்று உண்மையைச் சொன்னார். தனியாகப் போனால் நூற்றிருபதில் போவேன் என்றார். செயலாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார், நீங்களா அண்ணே என்று. அந்தச் சிரிப்புதான் இவருக்குச் சுருக்கென்றது. திருடியிருப்பார் என்று நம்ப முடிகிறது, வேகமாகப் போயிருப்பார் என்று நம்ப முடியவில்லை!

ஆகவே சனிக்கிழமை மறுபடியும் இருவரும் கிளம்பினார்கள். இந்தத் தடவை நெடுஞ்சாலை ஏறியதும் நிதானம் காலை அழுத்தினார். நூறு தாண்டியதும் பின் சீட்டிலிருந்து அண்ணே என்று ஒரு குரல் வந்தது, நூற்றிருபதில் அந்தக் குரலும் நின்றுபோனது. திரும்பி வந்து நிரப்பினார்கள். பதினொன்று. செயலாளர் இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இதற்கு நீங்கள் திருடியிருந்தாலே தேவலாம், உயிராவது மிஞ்சும் என்றார். கிடங்குக்குப் போகும்போது சட்டத்தைக் கழற்ற வேண்டும், எண்பதைத் தாண்டக் கூடாது, துருப்பிடித்த போல்ட்டை அறுத்து எறிய வேண்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டார். அதோடு விட்டிருக்கலாம்.

"அண்ணே, உங்களை நான் தப்பா நினைச்சிட்டேன். நல்லவேளை, வாயால சொல்லல," என்றார்.

நிதானத்தால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார வைத்து, கூடப் பிறந்தவள் எதிரிலேயே சொன்னேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம் என்பார்கள். இவர் கொட்டியது நெல் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடியேறினார். மச்சினன் தரையில் உட்கார்ந்து மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான். அதே குழாய். ஒரு முனை தொட்டியில், இன்னொரு முனை வாளியில். தொட்டியில் மூன்று சின்ன மீன்கள். இத்தனை நாள் தன் வீட்டு மாடியில் மூன்று மீன்கள் இருப்பது இவருக்குத் தெரியாது.

"வாங்க மாமா. குழாய்தான். நல்லாப் பாத்துக்கோங்க," என்றான் நிமிராமல்.

இவர் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். காற்று, சட்டம், நூற்றிருபது, நாலு மடங்கு. பாதி அவருக்கே புரியாமல் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டான். காற்றுதான் எடுத்தது என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா என்று மட்டும் கேட்டான். இவர் சாவிக்கொத்திலிருந்து டாங்க் சாவி ஒன்றைக் கழற்றி அவன் பக்கம் நீட்டினார். இது உன்கிட்டே இருக்கட்டும், எனக்கு உன்மேல் சந்தேகமில்லை என்றார்.

அவன் அந்தச் சாவியைப் பார்த்தானே தவிர வாங்கவில்லை.

"வேணாம் மாமா. நாளைக்கு மறுபடியும் நாலு லிட்டர் குறைஞ்சா, இன்னொரு சாவி யார்கிட்ட இருக்குன்னுதான் முதல்ல பாப்பீங்க."

நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று தெரியாமல் நின்றார் நிதானம். காருக்கு விடை கிடைத்துவிட்டது, இதற்கு எந்தக் கோச் வந்து கத்தப் போகிறார்? கீழே இறங்கி வந்தார். பூட்டு மூடியைக் கழற்றினார், கருவிப் பெட்டியிலிருந்து பழைய மூடியை எடுத்துத் திருகினார். பூட்டையும் இரண்டு சாவியையும் குப்பைத் தொட்டியில் போட்டார். மனைவி சமையலறைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மத்தியானம் இவர் கேட்காமலே இரண்டாம் தடவை பரிமாறினாள்.

பைக் தெருமுனையிலேயேதான் நின்றது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். மையத்தில் போல்ட்டை அறுத்தார்கள், சட்டம் கழன்றது, கிடங்குப் பயணத்தில் பதினேழு வந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். நிதானத்துக்கு அது ஏறவேயில்லை. தினமும் காலையில் காரை எடுக்கும்போது முன்னால் காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்ப்பார். யாரையும் திட்டாமல் சுலபமாகக் கார் வெளியே வந்துவிடும். அதுதான் அவருக்கு என்னவோ செய்தது.

இருபதாம் நாள், சனிக்கிழமை. விடிந்து வெயில் வந்த பிறகு கிடங்குக்குக் கிளம்ப வெளியே வந்தார். காரின் மூக்கை உரசுகிற மாதிரி, குறுக்கே, இம்மி நகர இடமில்லாமல் பைக் நின்றது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். 

"மாப்ளே, வண்டியைக் கொஞ்சம் எடுடா. காரை எடுக்கணும்."

மாடியிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு பதில் வந்தது.

"சாவி வண்டியிலேயேதான் இருக்கு மாமா. நீங்களே எடுத்துக்கோங்க."

நிதானம் பைக்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், சுவரில் உரசாமல் நிறுத்திவிட்டு வந்தார்.